எறும்பளவு பஸ்ஸும் கடைசியில் வரும் டெலிபோனும்

ஆர்னால்டு என்ற பையன் வகுப்பில் தனியாக உட்கார்ந்து வாயில் எதையோ குதப்பிக்கொண்டிருக்கிறான். அதில் ஏதோ சாதனை செய்யப்போகிறானாம். அதனால் மற்ற பிள்ளைகளோடு சுற்றுலா போகவில்லை. டீச்சரும் பிள்ளைகளும் ஏறிய மஞ்சள் பஸ் வாய்க்குள் நுழைகிற அளவுக்குச் சுருங்கி, கடைசியில் அவன் தொண்டைக்குள்ளேயே போய்விடுகிறது. உணவுக்குழாய், இரைப்பை, அமிலம், சிறுகுடல் என்று பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்த இடங்கள் எல்லாம் பஸ் போகும் வழியாகிவிடுகின்றன. சுற்றுலாவே வேண்டாம் என்று இருந்தவன் சுற்றுலாத் தலமாகிவிட்டான்.

இது ‘தி மேஜிக் ஸ்கூல் பஸ்’ தொடரின் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் 1994 செப்டம்பரில் தொடங்கி 1997 டிசம்பர் வரை 52 அத்தியாயங்கள் வந்தன. படம் வரைந்து உயிர் கொடுத்தது கனடாவின் நெல்வானா நிறுவனம். ஃபிரிஸில் டீச்சருக்குக் குரல் லிலி டாம்லின், தொடக்கப் பாட்டைப் பாடியவர் ராக் இசையின் மூத்த தலை லிட்டில் ரிச்சர்ட். பணம் போட்டவர்களில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் உண்டு.

கதை முடிந்ததும் ஒரு சின்னக் காட்சி வரும். தொடரைத் தயாரிக்கும் அலுவலகம் மாதிரி ஓர் இடம். டெலிபோன் அடிக்கும். பெரும்பாலும் ஒரு குழந்தைதான் பேசும். “நீங்க காட்டின மாதிரி பஸ் எல்லாம் சுருங்காதே?” என்கிற ரகத்தில் ஒரு புகார். மால்கம் ஜமால் வார்னர் குரலில் தயாரிப்பாளர் ஒப்புக்கொள்வார்: ஆமாம், அது கதைக்காக. ஆனால் உள்ளே நடந்தது உண்மை. அப்புறம் இன்னொரு அழைப்பு, இன்னொரு புகார். ஓரிரு நிமிடத்தில் அத்தியாயத்தின் பொய் எது, மெய் எது என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

என்னைக் கேட்டால் இந்தத் தொடரின் நல்ல கண்டுபிடிப்பு பஸ் இல்லை, இந்த டெலிபோன்தான். குழந்தைகளைச் சுருக்கி இயற்கைக்குள் அனுப்பும் கதைகள் இதற்கு முன்பும் ஏராளம். சொன்ன பொய்யைக் கதை முடிந்த கையோடு தானே உடைத்துக் காட்டியவை குறைவு.

டெலிபோனுக்கு மூலம் புத்தகத்தில் இருக்கிறது. ஜோவான்னா கோல் எழுதி புரூஸ் டெகன் படம் வரைந்த முதல் புத்தகம் 1986இல் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகத்தில் வந்தது. கதைக்களம் என்ன தெரியுமா? ஊருக்குக் குடிநீர் வழங்கும் நிலையம். சாகசக் கதைக்கு இதைவிடச் சப்பென்ற இடத்தை யாரும் தேடிப் பிடிக்க முடியாது. பஸ் மேகத்துக்குள் ஏறுகிறது, பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு மழைத்துளிக்குள் அடைபட்டு ஓடையில் விழுந்து, நீர்த்தேக்கம், வடிகட்டி, குழாய் எல்லாம் கடந்து, பள்ளிக் கழிப்பறைக் குழாய் வழியாக வெளியே வந்து விழுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு குறிப்பு போட்டிருந்தார், அதுவும் “அக்கறையான மாணவர்களுக்கு மட்டும்” என்ற எச்சரிக்கையோடு. இந்தக் கதையில் எதெல்லாம் நடக்காது என்று அதில் வரிசையாகச் சொல்லிவிடுகிறார். 1989இல் மனித உடலைப் பற்றி வந்த புத்தகத்தில் அதே வேலையைச் சரியா தவறா என்ற கேள்வித்தாள் செய்தது. அந்தப் புத்தகத்திலும் ஆர்னால்டுதான் பஸ்ஸை விழுங்குகிறான். ரத்தம், இதயம், நுரையீரல், மூளை என்று சுற்றிவிட்டுத் தும்மலில் மூக்கு வழியாக வெளியே வருகிறார்கள். இயல்பான வழி ஒன்று இருக்கிறதே என்று எந்தக் குழந்தைக்கும் தோன்றும். அமெரிக்கப் பெற்றோரை நினைத்து அதைத் தவிர்த்திருப்பார்கள்.

ஃபிரிஸில் டீச்சர் தன்னுடைய ஐந்தாம் வகுப்பு அறிவியல் டீச்சரின் சாயல் என்று கோல் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் புத்தகம் கரப்பான் பூச்சியைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

சரி, ஏன் சுருக்க வேண்டும்? மைக்ராஸ்கோப் காட்டலாம், படம் போட்டு விளக்கலாம், வனத்துக்குக் கூட்டிப் போகலாம். சுருக்குவதில் என்ன லாபம்?

இந்த உத்தி பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. 1902இல் ஸ்வீடன் நாட்டு ஆசிரியர் சங்கம், பிள்ளைகள் படிக்க நாட்டின் புவியியலைச் சொல்லும் வாசிப்பு நூல் ஒன்று வேண்டும் என்று செல்மா லாகர்லாஃபிடம் கேட்டது. 1906, 1907 ஆண்டுகளில் அது இரண்டு பாகமாக வந்தது. நில்ஸ் என்ற துஷ்டப் பையன் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கப்பட்டு, வாத்தின் முதுகில் ஏறி ஸ்வீடன் முழுக்கப் பறக்கிறான். மாவட்டம் மாவட்டமாக ஏரி, மலை, சுரங்கம், வயல் எல்லாம் கதைக்குள் வந்துவிடுகின்றன. லாகர்லாஃப் 1909இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். பாடநூல் எழுதியவருக்கு நோபல் கிடைப்பது தினம் நடக்கிற காரியமில்லை.

சோவியத் நாட்டில் இதே உத்தி பூச்சிகளிடம் போனது. யான் லாரி 1937இல் எழுதிய நாவலில் காரிக், வால்யா என்ற அண்ணன் தங்கை ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த திரவத்தைக் குடித்துவிட்டுச் சுருங்கிப்போகிறார்கள். தட்டாரப்பூச்சி ஒன்றின் முதுகில் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பேராசிரியர் தானும் சுருங்கி அவர்களைத் தேடிப் போகிறார். புல்வெளியைக் காடாக நினைத்து நடக்கும் அந்தப் பயணத்தில் ஒவ்வொரு பூச்சியும் தன் பழக்கவழக்கத்தோடு வருகிறது. லாரி உயிரியல் படித்தவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நாவல் வந்த சில வருடங்களில் ஸ்டாலினுக்குப் பெயர் போடாமல் ஒரு நையாண்டிக் கதையைத் தவணை தவணையாக அனுப்பி, 1941இல் கைதாகி, நெடுங்காலம் முகாமில் கிடந்தார். நாட்டைச் சின்ன அளவில் வைத்துப் பார்த்த இன்னொரு கதை அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுருக்குவதன் லாபம் தெரியும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு செயல், சுருங்கியவனுக்கு ஓர் இடமாகிவிடுகிறது. செரிமானம் என்பது நேரத்தில் நடப்பது. அதை ஒரு குழந்தைக்குச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இது, பிறகு அது என்று வரிசை சொல்ல வேண்டும். பஸ்ஸை உள்ளே விட்டால் வரிசை வழியாகிவிடுகிறது. இரைப்பைக்குப் பிறகு சிறுகுடல் வரும் என்பது பெரியகுளத்துக்குப் பிறகு தேனி வரும் என்பதைப் போல நினைவில் நின்றுவிடும். கூடவே ஆபத்தும் வந்துவிடும். அமிலம் பஸ்ஸை அரிக்கும். வெள்ளையணு துரத்தும். ரால்ஃபி என்ற மாணவனுக்குத் தொண்டையில் கிருமித் தொற்று வந்து படுத்திருக்கும் அத்தியாயத்தில், உடலுக்குள் நுழைந்த பஸ்ஸையே அந்நியப் பொருள் என்று வெள்ளையணுக்கள் வளைத்துக்கொள்கின்றன. எதிர்ப்புச்சக்தி என்றால் என்ன என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியுமா தெரியவில்லை. எதிர்ப்புச்சக்தி கிருமியை ‘கெட்டது’ என்று அறிந்து தாக்குவதில்லை, நம்முடையது இல்லை என்று அறிந்து தாக்குகிறது. நல்ல எண்ணத்தோடு வந்த பஸ்ஸும் அதற்கு அந்நியம்தான்.

உயிரியலில் தொடரின் கை சுத்தம். எறும்பு அத்தியாயத்தில் கீஷா என்ற மாணவி சமூக உயிர்களைப் பற்றிப் படம் எடுக்கக் கிளம்புகிறாள். படம் என்றால் ஹீரோ வேண்டுமே? புற்றுக்குள் போய்த் தேடுகிறாள். எந்த எறும்பும் தனியாக எதையும் சாதிக்கிற மாதிரி தெரியவில்லை. யார் உத்தரவு போடுகிறார்கள் என்றால் அதற்கும் ஆளில்லை. ராணி எறும்பு ஆட்சி செய்வதில்லை, முட்டை இடுகிறது. வேலைக்காரி எறும்புகள் விட்டுச்செல்லும் வேதிப்பொருள் தடத்தை அடுத்தவை மோப்பம் பிடித்து நடக்கின்றன, தடம் அடர்த்தியானால் கூட்டம் கூடுகிறது. அவ்வளவுதான் ‘நிர்வாகம்’. பெரிய பட்ஜெட் சினிமாக்கள் எறும்புக்கு நாலு கால் கொடுத்து, வேலைக்கார எறும்பை ஆண்பிள்ளையாக்கி, காதலும் கொடுத்த அதே தொண்ணூறுகளில் ஒரு குழந்தைத் தொடர் ஹீரோவே இல்லாத கதையைச் சொன்னது. வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண் என்ற ஒரே உண்மையை விட்டுவிட்டதால் அந்தச் சினிமாக்கள் எவ்வளவு நல்ல கதையைத் தவறவிட்டன என்பது வேறு விஷயம்.

தேனீ அத்தியாயத்திலும் அதே கவனம். கூட்டுக்குள் நுழைய வேண்டுமானால் அந்தக் கூட்டின் வாசனை உடம்பில் இருக்க வேண்டும். பூ இருக்கும் திசையைத் தேனீ ஆடிக் காட்டும். ஆட்டத்தின் கோணம் சூரியனிலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்லும், ஆடும் நேரம் எவ்வளவு தூரம் என்று சொல்லும். இதைப் படித்து வெளியே கொண்டுவந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது. உளுத்துப்போன மரக்கட்டையைப் பற்றிய அத்தியாயம் எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. காலி மனையைச் சுத்தம் செய்யப்போகும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டை அசிங்கம். சுருங்கி உள்ளே போனால் பூஞ்சையும் பூச்சியும் பாக்டீரியாவும் அதைப் பிரித்து மேய்ந்துகொண்டிருக்கின்றன. மரம் செத்துப்போன பிறகும் அதில் குடியிருப்பவர்கள் இத்தனை பேரா என்ற வியப்பு, எந்த வசனமும் இல்லாமலே வந்துவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விலங்குகளுக்கு வாய் கொடுக்கவில்லை. பிள்ளைகள்தான் பேசுகிறார்கள். லிஸ் என்ற பச்சோந்தி எல்லா அத்தியாயத்திலும் வரும், பஸ்கூட ஓட்டும், ஆனால் பேசாது. இது வெறும் ரசனை விஷயமில்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கானியாவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய படப் புத்தகங்களைப் படித்துக் காட்டினார்கள். விலங்கு மனிதரைப் போல நினைப்பதாகவும் பேசுவதாகவும் எழுதிய புத்தகத்தைக் கேட்ட குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிக் குறைவான உண்மைகளைக் கற்றார்கள், மனித குணங்களை அதன்மேல் ஏற்றியும் சொன்னார்கள். எறும்பைக் குழந்தையாக்குவதைவிடக் குழந்தையை எறும்பளவாக்குவது மேல் என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

பொய் எங்கே என்றால் இயற்பியலில். அதுவும் சாதாரணப் பொய்யில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

140 செ.மீ. உயரம், 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி. அவளை 7 மில்லிமீட்டராக, ஒரு நடுத்தரக் கட்டெறும்பின் நீளத்துக்குச் சுருக்குகிறோம். நீளம் 200இல் ஒரு பங்கு. தோலின் பரப்பு நீளத்தின் இரண்டாம் அடுக்கில் குறையும், ஆகவே 40,000இல் ஒரு பங்கு. எடை மூன்றாம் அடுக்கு, 80 லட்சத்தில் ஒரு பங்கு. 30 கிலோ சிறுமி இப்போது 4 மில்லிகிராமுக்கும் கொஞ்சம் குறைவு. எடை குறைந்த அளவுக்குப் பரப்பு குறையவில்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாக் கூத்தும் இதிலிருந்துதான். ஜே.பி.எஸ். ஹால்டேன் என்ற உயிரியலாளர் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாக விளக்கியிருக்கிறார். பிரிட்டிஷ்காரரான இவர் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

முதலில் நல்ல செய்தி. விழுந்தால் அடிபடாது. மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டாலும் காற்றே அவளைத் தாங்கி இறக்கிவிடும், எழுந்து தூசு தட்டிக்கொண்டு போகலாம். பலமும் கூடும். தசையின் வலு அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 40,000 மடங்கு குறைய, எடை 80 லட்சம் மடங்கு குறைவதால், தன் எடையோடு ஒப்பிட்டால் 200 மடங்கு பலசாலி. முன்பு பாதி எடையைத் தூக்கியவள் இப்போது நூறு மடங்கைத் தூக்குவாள். எறும்பின் பலத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அதில் பெரும்பங்கு எறும்பின் சாமர்த்தியம் இல்லை, வடிவக்கணிதம்.

இனி தண்ணீர். குளித்துவிட்டு வரும் நம் உடம்பில் அரை மில்லிமீட்டர் தடிமனுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறுமி சுமப்பது சுமார் அரைக் கிலோ. 30 கிலோவுக்கு அது ஒன்றுமே இல்லை. சுருங்கிய பிறகும் தண்ணீர்ப் படலத்தின் தடிமன் அதே அரை மில்லிமீட்டர்தான், தண்ணீர் அவளோடு சேர்ந்து சுருங்கவில்லை. இப்போது அவள்மேல் ஒட்டியிருப்பது 12 மில்லிகிராம், அவளே 4 மில்லிகிராம். தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் போர்த்திக்கொண்டு கை காலை அசைக்க முடியாமல் கிடப்பாள். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாதாரண மழைத்துளி ஒன்றின் எடையும் 4 மில்லிகிராம்தான். அவள் எடைக்குச் சமமான ஒன்று வானத்திலிருந்து வந்து விழும். (கொசு எப்படிச் சமாளிக்கிறது என்று ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூவின் குழு 2012இல் படம் பிடித்துக் காட்டியது. கொசு மிக லேசு என்பதால் துளி அதைத் தாக்குவதைவிடத் தள்ளிக்கொண்டு போகிறது. எதிர்த்து நின்றால்தானே அடி!)

அதே தண்ணீர் வேறொரு பக்கம் அவளுக்கு உதவும். பாதத்தில் ஈரம் ஒட்டாத மெழுகுப் பூச்சு இருந்தால் நீரின் பரப்பு இழுவிசை அவளைப் போலப் பத்துப் பேரைத் தாங்கும், குளத்தின்மேல் நடந்தே போகலாம். நீர்மேல் ஓடும் பூச்சிகள் செய்வது இதைத்தான். பூச்சு இல்லாவிட்டால் பனித்துளியில் கையை வைத்தவள் கையை எடுப்பது கஷ்டம். ஆக, கார்ட்டூனில் சுருங்கிய பிள்ளைகள் இலைமேல் நின்று பனித்துளியை உடைத்துக் குடித்துவிட்டு முகம் கழுவும் காட்சி எங்கே வந்தாலும், அது சாகசம் இல்லை, தற்கொலை முயற்சி.

குளிர் இன்னொரு தொல்லை. எடைக்குப் பரப்பு 200 மடங்கு கூடிவிட்டதால் உடல்சூடும் அதே வேகத்தில் கசியும். உலகின் மிக லேசான பாலூட்டிகளில் ஒன்றான எட்ரஸ்கன் மூஞ்சூறு 2 கிராம்கூடத் தேறாது. சூட்டைக் காப்பாற்ற அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கிறது, நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கிறது. நம் சிறுமி அதில் 500இல் ஒரு பங்கு. எவ்வளவு தின்றாலும் கட்டுப்படியாகாது. குரலும் போய்விடும். குரல்நாண் 200 மடங்கு சின்னதானால் சுருதி 200 மடங்கு ஏறும், மனிதக் காதுக்கு எட்டும் எல்லையைத் தாண்டிவிடும். வெளியே நிற்கும் டீச்சரைக் கூப்பிடவே முடியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில் அசந்துபோனது கண்ணில்தான்.

சுருங்குவது எதற்கு? அருகில் போய்ப் பார்க்க. ஆனால் ஒளிக்கு ஒரு குணம் உண்டு. சின்னத் துளை வழியாக நுழையும்போது அது விரிந்து பரவும், பிம்பம் மங்கும். துளை எவ்வளவு சின்னதோ மங்கல் அவ்வளவு அதிகம். இயற்பியல் பாடத்தில் இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். 4 மில்லிமீட்டர் கண் பாவை 200 மடங்கு சுருங்கினால் 0.02 மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளம் மட்டும் மாறவில்லை. விளைவு, சுமார் 2 டிகிரிக்குள் இருக்கும் எதையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியாது. முழு நிலவு வானத்தில் பிடிக்கும் அகலம் அரை டிகிரி, அதாவது நான்கு நிலவுகள் வரிசையாக நின்றாலும் அவளுக்கு ஒரே மங்கல் திட்டு.

ஒரு சென்டிமீட்டர் தள்ளி, அவள் கணக்கில் 2 மீட்டர் தள்ளி, ஓர் எறும்பு நிற்கிறது. 0.35 மில்லிமீட்டருக்குக் குறைவான எதுவும் அவளுக்குத் தெரியாது. எறும்பின் உணர்கொம்பு அதைவிட மெல்லியது. கார்ட்டூனில் மீசை மயிர் முதற்கொண்டு துல்லியமாகத் தெரிகிறதே, அந்த எறும்பு அவளுக்கு ஒரு கறுப்புப் பிண்டம், அசைவதால் மட்டும் உயிருள்ளது என்று தெரியும். சுருங்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அவள் தம்பி, வெறுங்கண்ணால் கால் மீட்டர் தூரத்திலிருந்து 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவானதைப் பார்த்துவிடுவான். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் அதில் பத்தில் ஒரு பங்கையும் பார்ப்பான். எறும்பளவு ஆனவளைவிட எறும்பை நன்றாகப் பார்ப்பவன் இவன்தான். பூச்சிகளின் பார்வை ஏன் அவ்வளவு மங்கல் என்பதற்கும், எறும்பு ஏன் கண்ணை நம்பாமல் மோப்பத்தை நம்புகிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. சின்ன உடம்பில் நல்ல கண் வைக்க இடமில்லை.

பார்த்ததைப் புரிந்துகொள்ளவும் முடியாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். செல்லின் அளவு மாறாமல் எண்ணிக்கையை 80 லட்சத்தில் ஒன்றாகக் குறைத்தால் மிஞ்சுவது பத்தாயிரத்துச் சொச்சம். எறும்புக்கே இரண்டரை லட்சம் இருக்கிறது.

செல்லைக் குறைக்காமல், அணுக்களை நெருக்கி அடுக்கிச் சுருக்கினால்? எடை அதே 30 கிலோ. பாதத்தின் பரப்பு மொத்தமே அரைச் சதுர மில்லிமீட்டர். கான்கிரீட் தரையும் தாங்காது, ஆணியாக இறங்கிவிடுவாள். அணுவையே சுருக்கினால்? காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் சுருங்கவில்லையே, அவள் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு அது 200 மடங்கு பெரிசு. மூச்சுத் திணறும். எந்தக் கதவைத் தட்டினாலும் அடைப்பு. ரத்தத்துக்குள் போகும் அத்தியாயங்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பஸ் ஒரு செல்லின் அளவு, அந்த அளவில் நீர்மத்தின் பாகுநிலைதான், அதாவது பிசுபிசுப்புதான் ராஜா, வேகத்துக்கு மதிப்பில்லை. பாக்டீரியா நீந்துவதை நிறுத்திய கணமே ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் நின்றுவிடும் என்று எட்வர்டு பர்செல் 1977இல் கணக்கிட்டுக் காட்டினார். பஸ் வழுக்கிக்கொண்டு போவது, சுழலில் சிக்குவது, பிரேக் பிடிக்காமல் மோதுவது எல்லாம் பெரிய உலகத்தின் ஓட்டம்.

அப்படியானால் இந்தத் தொடர்கள் குழந்தைக்குத் தப்பான அறிவியலைச் சொல்கின்றனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அத்தியாயத்தில் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். எறும்புத் தடத்தைச் சொல்லும்போது பரப்பு இழுவிசையையும் சொல்லப் போனால் இரண்டும் போய்விடும். ஆனால் எதை விட்டோம் என்று சொல்லும் இடம் வேண்டும். அதே பிபிஎஸ்ஸில் 2011இல் வந்த ‘வைல்ட் க்ராட்ஸ்’ அதற்கு வேறு வழி பிடித்தது. கிறிஸ், மார்ட்டின் என்ற க்ராட் சகோதரர்கள் முதலில் நிஜ உருவத்தில் நிஜ விலங்கின் பக்கத்தில் நிற்பார்கள். “இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?” என்று ஒரு கற்பனைக் கேள்வி கேட்டதும் கார்ட்டூனாக மாறுவார்கள். அங்கேதான் மினியேச்சரைசர் என்ற சுருக்கும் கருவியும், விலங்கின் சக்தியைத் தரும் உடுப்பும். முடிவில் மறுபடியும் நிஜ ஆட்கள், நிஜ விலங்கு. கற்பனைக்கு வாசலும் பின்கதவும் இருக்கிறது, ஆறு வயதுக் குழந்தைக்கும் எல்லை தெரிந்துவிடும். சுத்தமான ஏற்பாடு. ஆனால் சுருங்குவதில் என்ன கோளாறு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. டெலிபோனில் புகார் சொன்ன குழந்தைக்கு இருந்த அதிகாரம் இதில் இல்லை. அந்தப் புகார்க் குழந்தைதான் அறிவியல் செய்தது, மற்றவர்கள் சுற்றிப் பார்த்தார்கள்.

டெலிபோன் காட்சிக்கு நேரம் கிடைத்ததற்குக் காரணம் பிபிஎஸ்ஸில் நடுவே விளம்பரம் கிடையாது என்பது. 1998இல் தொடர் ஃபாக்ஸ் அலைவரிசைக்குப் போனது, அப்புறம் வேறு வணிகச் சேனல்களுக்கும் போனது. அங்கே விளம்பரத்துக்கு நிமிடங்கள் தேவைப்பட்டன. கதையில் கை வைக்க முடியாது. வெட்டப்பட்டது டெலிபோன்.